ஊர்காவற்றுறையில் இறங்கிய பரதேசிகள்

எழுவைதீவுக்குப் போகிறவர்கள் ஊர்காவற்றுறையில் படகேறுகிறார்கள். அந்தத் துறையின் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. சிங்கள மன்னன், பௌத்தன். பரதேசிகள் இந்தத் துறைக்கே வரவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறான். ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; மற்றச் சரக்கென்றால் சரிபாதி. வேற்றாரை மதிக்கிறோம் என்று பொதுப்படச் சொல்வது எளிது. கப்பலை இழந்து கரையேறியவனுக்கு வேண்டியது இந்தக் கணக்குத்தான், அதுவும் துறையில் இருப்பவர்களுக்கு விளங்கும் தமிழில்.

இது அரச கட்டளைதானே, இதில் வேற்றாருடன் உரையாடல் எங்கே என்று கேட்கலாம். உடைந்த கப்பலின் பொருளைக் கரையை ஆள்பவன் அள்ளிக்கொள்வது அக்காலத்தில் பல கரைகளில் நடந்ததுதான். முந்தைய அரசர்கள் அப்படிச் செய்ததாகவும் தான் அதைக் கைவிடுவதாகவும் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 அளவில் கல்லில் எழுதினான். வணிகரின் முறைப்பாடு அரண்மனைக் காதுக்கு எட்டாமல் இப்படி ஒரு வாக்குறுதி பிறந்திருக்காது. நயினாதீவுக் கல்லின் பின்னாலும் அதே பேரம் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மன்னனுக்கு ஆனை, குதிரை மேல் ஆசை, அதனால்தான் இந்தச் சலுகை என்பது உண்மை. கல்வெட்டே அதை மறைக்கவில்லை. அதில் குறை காண நான் தயாரில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஆதாயம் இருக்கிற மரியாதை, ஒருவரின் பெருந்தன்மையை நம்பிய மரியாதையைவிட நின்றுபிடிக்கும்.

பேசப் பேசத்தான் பகை வளரும், அவரவர் கோயிலில் அவரவர் கும்பிட்டுவிட்டுப் போவது நல்லது என்பவர்களும் உண்டு. நயினாதீவில் அம்மன் கோயிலும் பௌத்தர்களின் நாகதீப விகாரையும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்கே போக, குறிகட்டுவான் துறையில் இரு சாராரும் ஒரே படகில் ஏறுகிறார்கள். அந்த நெருக்கம் மட்டும் தீவைக் காக்கவில்லை. 1958 கலவரம் இங்கும் வந்தது. 1986இல் அம்மன் கோயில் தாக்கப்பட்டது. 1958 கலவரத்துக்கு இரண்டு வருடம் முன்புதான் நாட்டின் ஆட்சிமொழி சிங்களம் மட்டும் என்று சட்டமானது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பொலன்னறுவை தமிழில் எழுதியது. 1956இன் கொழும்புக்கு அது தேவைப்படவில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆனாலும் சட்டத்தில் உள்ள மொழி அலுவலகத்தில் கிடைக்க வேண்டுமானால், தமிழில் எழுதிய கடிதத்தை வாசித்துத் தமிழிலேயே பதில் போட அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.