ஓய்வும் ஒரு வேலையே

"அப்பாவுக்குக் கால் வலிக்கும், தூக்கச் சொல்லக் கூடாது." என் நான்கு வயது மகள் வீட்டிற்கு வந்த விருந்தினரிடம் இப்படிச் சொன்னபோது, கணுக்காலைவிட நெஞ்சே மிகுதியாக நொந்தது.

முதலில் அலிப்பூர் வீட்டு மாடிப்படியில் கால் பிசகிற்று. பத்து நாளில் வீக்கம் வடிந்தது; உடனே அவளை முதுகில் சுமந்து குதிரையாய் ஓடினேன். மீண்டும் பிசகிற்று. ஈராண்டுகளில் மூன்று முறை! பிழை படியினுடையதன்று, என் அவசரத்தினுடையதே.

வலி நின்றதையும் புண் ஆறியதையும் நாம் ஒன்றெனக் கொள்கிறோம். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் பிசகின்போது இழுபட்டுக் கிழிகின்றன. வலி சில நாட்களில் தணியலாம். ஆனால் நார் கூடச் சில வாரங்களும், பழைய வலிமையை நெருங்கப் பல திங்களும் வேண்டும். அன்றியும், பாதம் எப்பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் மங்கிவிடுகிறது. அதனாலேயே பிசகிய கால் மறுபடியும் எளிதில் பிசகுகிறது.

அப்படியாயின் படுத்தே கிடப்பதா? அதுவும் தவறு. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் முறையை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பின்னாளில் திருத்திக் கூறினார். முதற் சில நாள் காலைக் காத்தல், பிறகு வலி பொறுக்குமளவு நடத்தல், பின்னர் ஒற்றைக் காலில் நின்று பழகுதல், இறுதியிலேயே ஓட்டம்.

இரு குழந்தைகளின் தந்தையான சச்சின் டெண்டுல்கர், 2004-இல் முழங்கை வலியால் சில ஆட்டங்களை இழந்து, திரும்பி வந்து ஆடியும் வலி விடாமையால் 2005 மே திங்களில் அறுவை செய்துகொண்டார். ஐந்து திங்கள் பொறுத்து, அக்டோபரில் நாகபுரியில் மீண்டும் களமிறங்கி 93 ஓட்டங்கள் எடுத்தார். பொறுத்த காலம் வீண்போகவில்லை அன்றோ!

எங்கள் வீட்டுக் குதிரை இப்போது உட்கார்ந்த யானையாகிவிட்டது. மகள் மடியிலேறிச் சவாரி செய்கிறாள். காலையில் பல் துலக்கும்போது இருவரும் சுவரோரம் கொக்காக நிற்கிறோம். வெற்றி பெரும்பாலும் அவளுக்கே. 1876-இல் திறக்கப்பெற்ற அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்வதாய் வாக்களித்துள்ளேன். தோளில் சுமந்தன்று, கைகோத்து நடந்து.

பந்தாடும் தோழர்களே! பிசகிய காலால் நான்கடி வைக்க இயலாவிட்டால், எலும்பு முறிந்திருக்கலாம். உடனே மருத்துவரை நாடுங்கள். வைக்க இயன்றால், வலி நின்ற நாளை ஆட்டத்திற்குத் திரும்பும் நாளாக எண்ணிவிடாதீர்கள். அன்றுதான் பயிற்சி தொடங்குகிறது.