வாரன்டியை விற்கிறாரா, கொடுக்கிறாரா?

பழைய கார் வாங்குகிறோம் – 6

கார் பிடித்து, விலை படிந்து, டோக்கன் பணமும் கைமாறிய பிறகுதான் அந்தத் தாள் மேசைக்கு வரும். "எக்ஸ்டெண்டட் வாரன்டி எடுத்துடுங்க சார். எஞ்சின் போகட்டும், கியர் பாக்ஸ் போகட்டும், நாங்க பார்த்துக்கறோம்." மும்பைப் பக்கம் கல்யாண் – ஷீல் ரோட்டில் எந்தக் கடையில் ஏறினாலும் மராத்தி கலந்த இந்தியில் இதைக் கேட்கலாம். நம் பெயரைப் பார்த்துவிட்டால் அரைகுறைத் தமிழிலும் கேட்கும். காருக்கு 5 லட்சம் கொடுக்கத் துணிந்தவருக்கு அதன் மேல் ஒரு 18,000 பெரிதாகத் தெரியாது. 'நிம்மதியாக இருக்கலாமே' என்று வீட்டிலும் சொல்வார்கள். கையெழுத்து விழுந்துவிடும்.

டோம்பிவிலி கிழக்கில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படித்தான் போட்டார். அவர் அந்தக் கையேட்டை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்ததே ஏ.சி. கம்ப்ரஸர் நின்றுபோன பிறகுதான். எது எதற்குப் பணம் தருவோம் என்பது அரைப் பக்கம். எது எதற்குத் தர மாட்டோம் என்பது நாலு பக்கம், பொடி எழுத்தில். கம்ப்ரஸர் என்னவோ அந்த அரைப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கடையிலிருந்து வந்த பதில்: "இது வாங்கும்போதே இருந்த கோளாறு. அதுக்கு கிளெய்ம் கிடையாது."

சென்ற வாரம் ஆர்.சி., ஹைபாதிகேஷன், ஃபார்ம் 29, 30 என்று காகிதங்களைப் பார்த்தோம். இந்த வாரம், காசு கொடுத்து வாங்கச் சொல்லும் இந்தக் காகிதம்.

பழைய காரோடு வரும் வாரன்டியில் மூன்று வகை உண்டு. முதலாவது, கார் தயாரித்த கம்பெனியே கொடுத்த வாரன்டியில் மிச்சமிருப்பது. 2024 ஜூலையில் மாருதி தன் புதிய கார்களுக்கான வாரன்டியை 2 வருடம்/40,000 கிலோமீட்டரிலிருந்து 3 வருடம்/1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. பணம் கட்டி நீட்டித்தால் 6 வருடம் வரை போகலாம். அப்படி நீட்டித்த காரை முதல் உரிமையாளர் 4-வது வருடம் விற்றால் மிச்சம் உங்களுக்கு வரும். ஆனால் பெயர் மாற்றத்தை கம்பெனி டீலரிடம் தெரிவித்துப் பதிய வேண்டும். சர்வீஸ் எல்லாம் அங்கேயே நடந்திருக்க வேண்டும். இரண்டாவது, மாருதியின் ட்ரூ வேல்யூ, டொயோட்டாவின் யு டிரஸ்ட் போன்ற கம்பெனிக் கிளைகள், தாங்கள் சோதித்துச் சான்று கொடுத்த காரோடு சேர்த்தே தரும் வாரன்டி. மூன்றாவது, கடைக்காரர் தனியாக விற்பது. தாளில் கடையின் பெயர் பெரிதாக இருக்கும். கிளெய்முக்குப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயர் அடியில் எங்கோ இருக்கும்.

முதல் இரண்டு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். நம் பேச்சு மூன்றாவதைப் பற்றி.

பழைய கார் சந்தையின் குணத்தை உலகத்துக்கு விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1967-68-ல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். 3 பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அவருடைய கட்டுரை ஒருவழியாக 1970-ல் வெளிவந்தது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கியக் காரணம். அவர் சொன்னது இதுதான்: காரின் நிஜமான நிலைமை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்குகிறார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சுகின்றன. இதற்கு அவர் சொன்ன மாற்று மருந்துகளில் ஒன்று உத்தரவாதம். உத்தரவாதம் கொடுத்தால் ரிஸ்க் விற்பவர் தலைக்கு மாறுகிறது. மோசமான வண்டிக்கு யாரும் அதைக் கொடுக்கத் துணிய மாட்டார்கள்.

இந்த வாதத்தின் உயிர் 'கொடுத்தால்' என்பதில் இருக்கிறது. கடைக்காரர் தன் கைக்காசை வைத்து ஒரு வருட வாரன்டி கொடுத்தால், அது காரைப் பற்றி அவர் சொல்லும் சாட்சி. அதையே உங்களிடம் 18,000 வாங்கிக்கொண்டு கொடுத்தால், ரிஸ்க்கை அவர் சுமக்கவில்லை. உங்கள் பயத்துக்கு விலை போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஓட்டை வண்டிக்கும் அதே தாளை அதே விலைக்கு விற்பார். ஆகவே தனியாக விற்கப்படும் வாரன்டியிலிருந்து காரின் தரத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

சரி, தரத்தைச் சொல்லாவிட்டாலும் ரிப்பேர் செலவையாவது தாங்குமா? அதற்கு டோம்பிவிலியில் ஒரு கார் எதனால் கெடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் திங்கள் முதல் வெள்ளி வரை லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். கார் சொசைட்டி காம்பவுண்டில் கவர் போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா கோயிலுக்கு, செம்பூர் சொந்தக்காரர் வீட்டுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. எம்.ஐ.டி.சி. பக்கம் கராஜ் வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார மெக்கானிக் சொல்வார்: "அண்ணாச்சி, ஓடுத வண்டிக்கு ஒரு சீக்குன்னா, நிக்கித வண்டிக்கு ஒம்போது சீக்கு." நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும், டயர் வெடிக்கும், ரப்பர் ஹோஸ் காயும், வயரை எலி கடிக்கும். வெளியே எடுத்தால் மழைக்காலப் பள்ளங்களில் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் போகும். ஷீல் பாட்டா நெரிசலில் கிளட்ச் பிளேட் தேயும். அந்த நாலு பக்கப் பொடி எழுத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரி இல்லை, டயர் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை, பிரேக் பேட் இல்லை, ரப்பர் சாமான் இல்லை, எலி கடித்தது இல்லவே இல்லை. 'தேய்மானம்' என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். 2005 ஜூலை 26-ஐ மறந்தவர் இங்கே யாரும் இல்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. கல்யாண், டோம்பிவிலி தாழ்வான பகுதிகளெல்லாம் மூழ்கின. 2019 ஜூலையில் உல்லாஸ் நதி கரை மீறி மகாலட்சுமி எக்ஸ்பிரஸையே பத்லாபூர் – வாங்கணி நடுவில் நிறுத்திவைத்தது. வெள்ளத்தில் கெட்ட எஞ்சினுக்கு இந்த வாரன்டி பைசா தராது. இன்சூரன்ஸ் தரும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்துக்குப் பணம் தரும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யப் போய் உள்ளே கனெக்டிங் ராட் வளைந்தால், 'தொடர் விளைவு' என்று கை விரித்துவிடுவார்கள். அதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர். காரின் வயதைப் பார்த்துத்தான் தருவார்கள். கிடைத்தால் டோம்பிவிலிக்காரர் முதலில் காசு போட வேண்டிய இடம் அது. மறுபக்கம், தானாகப் பழுதாகும் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இன்சூரன்ஸ் தராது. வாரன்டிக்கு வேலை இருப்பது அந்த இடத்தில் மட்டும்.

மூன்றாவது, ஊர்ப் பயணம். மே மாதம் குடும்பத்தோடு காரிலேயே திருநெல்வேலி போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம், மதுரை என்று ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கார் உண்மையில் உழைப்பது அந்த ஒரு தடவைதான். படுத்தாலும் அங்கேதான் படுக்கும். சித்ரதுர்காவில் நின்றுபோனால் எந்த ஒர்க் ஷாப்பில் விட வேண்டும்? 'எங்கள் அனுமதி இல்லாமல் பிரித்த வண்டிக்கு கிளெய்ம் இல்லை' என்ற வரி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அனுமதி கொடுக்க யார் போன் எடுப்பார்? தாணே ஜில்லாவைத் தாண்டினால் பயன்படாத வாரன்டி நமக்கு அரை வாரன்டி.

இனி கணக்கு. ஒரு வருடத்துக்கு 18,000 கட்டுகிறீர்கள். வாரன்டிக்குள் வரக்கூடிய பெரிய ரிப்பேர் ஒன்று 60,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரு ரிப்பேர் அந்த ஒரு வருடத்துக்குள் வர பத்தில் மூன்று வாய்ப்பு இருந்தால்தான் கட்டிய பணம் சரிக்கட்டும். சர்வீஸ் ரெக்கார்ட் ஒழுங்காக உள்ள, மேனுவல் கியர் பெட்ரோல் காருக்கு அவ்வளவு வாய்ப்பு இருப்பதாக நினைத்தால், அந்தக் காரையே வாங்கக் கூடாது. அந்த 18,000-ஐ தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். பேட்டரிக்கும் டயருக்கும் கிளட்சுக்கும் கேள்வி கேட்காமல் தரும் வாரன்டி அது ஒன்றுதான்.

கணக்கு மாறும் இடமும் உண்டு. டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், டர்போ டீசல், ஜெர்மன் கார்கள். இவற்றில் கியர் பாக்ஸின் கன்ட்ரோல் யூனிட்டோ, டர்போவோ, இன்ஜெக்டர் செட்டோ போனால் பில் லட்சத்தைத் தொடும். அங்கே வாரன்டி நியாயமான செலவு. ஆனால் 'அதிகபட்ச கிளெய்ம்' எவ்வளவு என்று பாருங்கள். 50,000-தான் உச்சம் என்றால், லட்ச ரூபாய் பயத்துக்கு அது பாதி மருந்து.

சி.என்.ஜி. கார் வாங்குபவருக்குத் தனி எச்சரிக்கை. கிட் கம்பெனியில் பொருத்தியதா, வெளியே போட்டதா? வெளியே போட்டிருந்தால் எஞ்சின் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் சிலிண்டர் டெஸ்ட் முடிந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

எடுப்பதென்று முடிவு செய்தால், காரை எடுக்கும் நாளிலேயே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டு, அந்த ரிப்போர்ட்டில் தேதி, கிலோமீட்டர் குறித்து, கடைக்காரரிடம் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'வாங்கும்போதே இருந்தது' என்ற பதிலுக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அது. கம்ப்ரஸர் நண்பரிடம் இல்லாததும் அதுவே. அப்போதே நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சீட்டைத் துவைக்கிறவர்கள் பெல்ட்டின் உள் முனையைத் துவைப்பதில்லை. வெள்ளத்தில் நின்ற காரானால் அங்கே சேற்றுக் கோடு காட்டிக்கொடுக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். அஞ்சு வருடக் கார், போனஸ் பூஜ்யம் என்றால் என்ன கிளெய்ம் என்று கேட்க வேண்டும்.

கடை நாளைக்கும் இருக்குமா என்பதும் வாரன்டியின் ஒரு பகுதிதான். 2023 ஏப்ரல் முதல், பழைய வாகனம் வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் அவருடைய ஒரு வருட வாரன்டியை ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

'எல்லாம் கவர் ஆகும்' என்ற விளம்பரம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் இதே வியாபாரம் செய்யும் கார்ஷீல்டு, விளம்பரத்தில் சொன்னதும் காகிதத்தில் இருந்ததும் வேறு வேறு என்ற வழக்கில் 2024-ல் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இங்கே ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐக் கூப்பிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில் இல்லாமல் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. கடைக்காரர் வாயால் சொன்னதெல்லாம் அங்கே எடுபடாது. 'எஞ்சின், கியர் பாக்ஸ் கவர்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எடுபடும். அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. 3 வருடப் பழைய சின்னக் காரின் விலையோடு வாரன்டி, பெயர் மாற்றம், உடனடிச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், சில சமயம் முழு வாரன்டியோடு வரும் புதுக் காருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதைக் கூட்டிப் பார்க்காமல் டோக்கன் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாள் மேசைக்கு வரும்போது எடுக்கலாமா வேண்டாமா என்று தடுமாற வேண்டியதில்லை. "பேசின விலைக்குள்ளேயே இதைச் சேர்த்துக் குடுங்க" என்று கேளுங்கள். கொஞ்சம் முனகிவிட்டு ஒப்புக்கொண்டால் அவருக்கே காரில் நம்பிக்கை இருக்கிறது. பாதி விலைக்கு இறங்கினால், அந்தத் தாளில் அவருக்கு எவ்வளவு லாபம் என்று தெரிந்துவிடும். "அது முடியவே முடியாது, இந்த வண்டிக்கு வாரன்டி எடுக்காம ஓட்டாதீங்க சார்" என்று அழுத்தினால், காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை அவரே சொல்லிவிட்டார். டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் – அந்த 14 நாள் கெடு)