'ஸ்கின் கலர்' யாருடைய கலர்?

குட்டீஸ், உங்கள் கிரேயான் பெட்டியைத் திறங்கள். 'ஸ்கின் கலர்' என்று நாம் கூப்பிடுகிற ஒரு குச்சி இருக்கும். அதை உங்கள் கைமேல் வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா? தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தில் அந்த வெளிர் ஆரஞ்சு நிறத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் அம்மாவை வரையச் சொன்னால் கை நேராக அந்தக் குச்சிக்குத்தான் போகிறது! அமெரிக்காவின் கிரயோலா நிறுவனமே, 'சதை நிறம்' என்று வைத்த பெயரை 1962-ல் 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. நாம்தான் இன்னும் விடவில்லை.

நம் முகத்தின் நிறத்தை நாமே கலக்க வேண்டும். அதற்கு அக்ரிலிக் வண்ணம் ரொம்ப வசதி. தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளோடு நிறத்தூளைக் கலந்து செய்வதுதான் அக்ரிலிக். தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய படலமாகிவிடும். அப்புறம் தண்ணீர் பட்டாலும் கரையாது. மூக்கு கோணலாகிவிட்டதா? காய்ந்ததும் மேலேயே பூசி மறுபடி வரையலாம்! ராஜா ரவிவர்மா காலத்தில் இது கிடையாது. அவர் தீட்டியது எண்ணெய் வண்ணம். அது காய நாள் கணக்காகும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் 1950-களில்தான் ஓவியர்களுக்கு விற்பனைக்கு வந்தது.

முதலில் பென்சிலால் முகம். கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. நம்பாவிட்டால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

இனி நிறம். பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், அல்ட்ராமரீன் நீலம், வெள்ளை - நாலு டியூப் போதும். முதல் இரண்டையும் கலந்தால் நம்மூர் மாநிறம் கிட்டத்தட்ட வந்துவிடும். கழுத்தின் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கரி பூசிய மாதிரி ஆகிவிடும். துளி நீலம் சேருங்கள். வெளிச்சம் படும் நெற்றிக்கு ஓக்கரைக் கூட்டுங்கள். வெள்ளை அதிகமானால் பவுடர் அப்பிய முகம்தான்! இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்தால் சற்றுக் கருக்கும். அதனால் ஒரு துண்டு அட்டையில் தடவி, காயவைத்து, நிஜ முகத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகே படத்தில் கை வையுங்கள்.

நம் ஊர் மே மாத வெயிலில் தட்டில் வைத்த வண்ணம் நிமிடங்களில் இறுகிவிடும். ஈரத்துணியை மடித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் வண்ணம் கலந்தால் வெகுநேரம் தாங்கும். கன்னம், நெற்றிக்குத் தட்டை பிரஷ். இமை, உதட்டுக்கு மெல்லிய உருண்டை பிரஷ்.

பெரிய ஓவியர்களின் வேலையைப் பக்கத்தில் பார்க்க ஆசையா? தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் உருவாக்கியது. படம் விற்று மட்டும் பிழைக்க முடியாத காலம் அது. துணியில் பாத்திக் வேலை செய்து விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டே தாங்கள் நினைத்ததை வரைந்தார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு படத்தை முதலில் தள்ளி நின்று பாருங்கள். பிறகு கிட்டே போய் பிரஷ் போன தடத்தைத் தேடுங்கள். தொட்டுவிடாதீர்கள்!

வீட்டில் வரையும்போது பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள், அக்ரிலிக் கறை துவைத்தாலும் போகாது. பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசாமல் சாப்பிடப் போய்விட்டால், திரும்பி வரும்போது அது பிரஷ் இல்லை, குச்சி!