லேஸ் இல்லாத ஷூ... மூன்று நண்பர்கள்... ஒரு காலி இடம்!

1986. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். மேடையில் இருந்த ராப் பாடகர், ரசிகர்களிடம் அவரவர் அடிடாஸ் ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னார். அடுத்த நொடி, அரங்கம் முழுக்க ஆயிரக்கணக்கான ஷூக்கள்! அதை நேரில் பார்த்து அசந்துபோனார் அடிடாஸ் அதிகாரி ஒருவர். விளைவு, 10 லட்சம் டாலருக்கும் மேலான ஒப்பந்தம்.

அந்தக் குழுவின் பெயர், ரன் டி.எம்.சி.

நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் உள்ள ஹாலிஸ்தான் மூவருக்கும் ஊர். ஜோசப் சிம்மன்ஸ் (ரன்), டேரில் மெக்டேனியல்ஸ் (டி.எம்.சி.) இருவரும் பாட, இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஜாம் மாஸ்டர் ஜே என்கிற ஜேசன் மிசெல். கறுப்புத் தொப்பி, கழுத்தில் தங்கச் சங்கிலி, லேஸ் இல்லாத வெள்ளை ஷூ. ஜே தெருவில் எப்படி நடந்தாரோ, அதே உடையில் மூவரும் மேடை ஏறினார்கள். பளபள ஜிகினா உடைகளுக்கு அன்றோடு விடுமுறை!

1984-ல் வந்த முதல் ஆல்பம், 'கோல்டு' சான்றிதழ் பெற்ற முதல் ராப் ஆல்பம் ஆனது. 1986-ல் ஏரோஸ்மித் ராக் குழுவின் பழைய பாடலான 'வாக் திஸ் வே'யை அவர்களோடு சேர்ந்து பாடச் சொன்னபோது, ரன்னுக்கும் டி.எம்.சி.க்கும் விருப்பமே இல்லை. அரைமனதாகப் பாடிய அந்தப் பாட்டுதான் அமெரிக்கத் தரவரிசையில் 4-வது இடத்தைப் பிடித்தது. சரிந்து கிடந்த ஏரோஸ்மித்துக்கும் மறுவாழ்வு தந்தது.

ஆனால், உச்சி என்றால் இறக்கமும் உண்டே! புதிய குழுக்கள் வந்தன, விற்பனை குறைந்தது. ரன் பாதிரியார் ஆனார். டி.எம்.சி.யோ குடியிலும் மனச்சோர்விலும் சிக்கினார். போதாக்குறைக்கு, தொண்டைப் பிரச்னையால் கணீரென்ற அந்தக் குரலும் போனது. சுயசரிதைக்காகத் தன் பிறப்பைப் பற்றி அம்மாவிடம் விசாரித்தவருக்கு, 35 வயதில் ஓர் உண்மை தெரியவந்தது. அவர் தத்துப்பிள்ளை!

2002 அக்டோபர் 30 இரவு, குயீன்ஸில் தன் ஸ்டூடியோவில் இருந்த ஜே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37. 'ஜே இல்லாமல் ரன் டி.எம்.சி. இல்லை' என்று குழுவையே கலைத்தார்கள் நண்பர்கள். கொலை வழக்கில் குற்றச்சாட்டு பதிவாகவே 18 ஆண்டுகள் ஆயின.

நொறுங்கிப்போகாமல் எழுந்தார் டி.எம்.சி. குடியை விட்டார். பெற்ற தாயைத் தேடிக் கண்டுபிடித்தார். பெற்றோரைப் பிரிந்து காப்பகங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வாழும் குழந்தைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, கோடைக்கால முகாம்கள் நடத்துகிறார்.

2009-ல் 'ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம். 2016-ல் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது. 2023-ல், ஹிப்ஹாப்பின் 50-வது ஆண்டு விழாவில் யாங்கி ஸ்டேடியத்தில் இருவரும் பாடினார்கள். மூன்றாமவரின் இடம் மட்டும் காலி.

ஹாலிஸில் இன்று ஒரு தெருமுனையின் பெயர், 'ரன் டி.எம்.சி. ஜே.எம்.ஜே. வே'. அந்தப் பெயரில் மட்டும் மூவரும் பிரியவே இல்லை!