பிள்ளைகளுக்கு எழுத்தின் வரலாறு சொன்ன ஜேம்ஸ் ரம்ஃபோர்ட்

சிறுவர் இலக்கியம் என்றால் கதையும் பாட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மெய்யான வரலாற்றையே எழுதி, படமும் தானே வரைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ரம்ஃபோர்ட்.

இளவயதில் தொண்டராக ஆபிரிக்காவின் சாட் நாட்டுக்குப் போய்ப் படிப்பித்தவர் அவர். 2001இல் இப்னு பதூதாவைப் பற்றி எழுதினார். மாலைதீவிலிருந்து வந்து, 1344இல் எங்கட பாவா ஆதம் மலை ஏறிய அதே பயணிதான்.

ஆனாலும் ரம்ஃபோர்டின் மனம் அதிகம் ஒட்டியது எழுத்துகளில். எகிப்தின் பழைய எழுத்தை வாசித்தறிந்த சம்போலியனைப் பற்றி 2000இல் எழுதினார். 2004இல் வந்தது 'செக்கோயா'. எழுத வாசிக்கத் தெரியாத ஒரு செரோக்கி மனிதர், தன் மொழிக்குத் தானே எழுத்து உருவாக்கிய வரலாறு அது. ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்திலும் அச்சான அந்நூலுக்கு 2005இல் சிபர்ட் கௌரவம் கிடைத்தது.

அதை நினைக்கையில் எனக்கு அரபுத்தமிழ்தான் ஞாபகம் வருகிறது. உம்மும்மாமார் ஓதிய கிதாபுகள் அலுமாரியில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. அந்த எழுத்து ஏன் பிறந்தது, யார் எழுதினார்கள் என்று படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் வேண்டும். வாசித்துக் காட்ட மூத்தவர்கள் இருக்கிற காலத்திலேயே அதை எழுதிவிட வேண்டும்.