மாட்டுங்காவில் நல்ல இட்லி சாப்பிட

வேலை மாற்றலாகி மும்பைக்கு வந்திருக்கிறீர்கள். அல்லது நாலு நாள் வேலையாக வந்து, மூன்றாம் நாளே வடாபாவ் அலுத்துவிட்டது. யாரைக் கேட்டாலும் “மாட்டுங்கா போங்க” என்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் மாட்டுங்காவில் எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது, எதைக் கேட்பது என்று தெரியாமல் போனால் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, இனிக்கிற சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு முகம் வாடித் திரும்புவீர்கள்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மத்திய ரயில்வேயில் ‘மாட்டுங்கா’, மேற்கு ரயில்வேயில் ‘மாட்டுங்கா ரோடு’, ஹார்பர் லைனில் ‘கிங்ஸ் சர்க்கிள்’ என்று மூன்று ஸ்டேஷன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் இறங்க வேண்டியது மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா, கிழக்குப் பக்கம். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. தாதரில் இறங்கி ஸ்லோ வண்டிக்கு மாறிக்கொள்ளுங்கள், அடுத்த நிறுத்தம்தான். தெரியாமல் மாட்டுங்கா ரோட்டில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம், நடைபாலம் ஏறிக் கிழக்கே வந்துவிடலாம்.

இட்லிக்கு ஏன் மாட்டுங்கா?

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலைக் குறைக்க 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தார்கள். அது வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் மனை போட்டது. அந்தப் புது வீடுகளில் குமாஸ்தா வேலைக்கும் கணக்கு வேலைக்கும் வந்த தமிழர்களும் பாலக்காட்டுக்காரர்களும் குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்கே தொடங்கியது. வந்தவர்களில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் நிறையப் பேர். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது, கடைகளும் வந்தன.

அப்படியென்றால் நம் ஊர் ருசி கிடைக்குமா?

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புகழ்பெற்ற மாட்டுங்கா கடைகளில் பெரும்பாலானவை தமிழர் கடைகள் அல்ல. கர்நாடகத்தின் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நடத்துபவை. உலகத்தின் பல சைனாடவுன்களில் டிம் சம் (ஆவியில் வேகவைத்த சிறு கொழுக்கட்டைகளும் பன்களும்) என்று கிடைப்பது கான்டன் பகுதிச் சமையல்தான், ஆனால் வெளியூர்க்காரர் அதையே மொத்தச் சீனச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறார். அதேபோல மும்பைக்காரருக்கு ‘மதராசிச் சாப்பாடு’ என்றால் உடுப்பிச் சாப்பாடு.

சாப்பிடும்போது இந்த வித்தியாசம் நாக்கில் தெரியும். உடுப்பி சாம்பாரில் வெல்லம் சேரும். இட்லியையும் பல கடைகளில் உளுந்து மாவோடு அரிசி ரவை (உடைத்த அரிசி) கலந்து செய்கிறார்கள். பூப்போல இருக்காது, சற்று நறநறப்பாக இருக்கும். அது மோசமான இட்லி இல்லை, வேறு இட்லி. மதுரையை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குறைதான் தெரியும்.

சரி, எந்தக் கடை?

ஒரே கடையில் எல்லாம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைராசி உண்டு.

1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கிறது. அங்கே சாம்பாரை மறந்துவிட்டு ரசவடை கேளுங்கள். சூடான ரசத்தில் மூழ்கி வரும் வடையைக் கரண்டியால் விண்டால் உள்ளே வரை ரசம் இறங்கியிருக்கும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும். கிண்ணம் காலியானதும் அடியில் நிற்கும் ரசத்தைக் குடித்துவிடுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வெண்ணெய் போட்ட பொடி இட்லி. என் கணக்கில் மாட்டுங்காவுக்கு வருவதற்கு இந்த இரண்டே போதும்.

ஸ்டேஷனுக்கு அருகில் 1939-லிருந்து நடக்கும் ராம் ஆஷ்ரயாவில் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். உப்புமாவும் அன்னாசி ஷீராவும் (நம் கேசரி) அங்கே விசேஷம். இரவு ரயிலில் தாதர் வந்து இறங்குபவர்களுக்கு இதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

இட்லியில் ரகம் தேடுபவர் என்றால் இட்லி ஹவுஸ் பக்கம் போங்கள். பலா இலைகளைத் தொன்னைபோல் கோத்து, அதற்குள் மாவை ஊற்றி வேகவைப்பார்கள். கொட்டே இட்லி என்று பெயர். இலையைப் பிரிக்கும்போது வரும் மணத்துக்காகவே ஒரு தரம் சாப்பிடலாம்.

மதியம் முழுச் சாப்பாடு வேண்டுமென்றால் ஸ்டேஷன் எதிரே மாடியில் இருக்கும் ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். அ. ராம நாயக் 1936-ல் கஃபே மைசூரையும் 1942-ல் இதையும் தொடங்கினார். வாழையிலைச் சாப்பாடு கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் தாங்க முடியாது என்கிறார்களே?

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போகவே போகாதீர்கள். வாரநாளில் எட்டு மணிக்கு முன்னால் போங்கள், இல்லாவிட்டால் மாலையில் கடை மறுபடி திறந்ததும் போங்கள். கஃபே மெட்ராஸில் வாசலில் பெயர் எழுதிக்கொள்பவர் இருப்பார். முதலில் அவரிடம் பெயர் கொடுத்துவிட்டு அப்புறம் நில்லுங்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள், அது அங்கே வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும், அரட்டைக்கு இடம் இல்லை.

இட்லி புதிதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரலால் லேசாக அழுத்துங்கள். பள்ளம் உடனே மேலெழும்பினால் இப்போதுதான் இறக்கியது. ஓரம் காய்ந்து தோல்போல் உரிந்தால் வெகுநேரம் பாத்திரத்தில் இருந்தது. தேங்காய்ச் சட்னியை முதலில் முகர்ந்து பாருங்கள். மும்பை மே மாதப் புழுக்கத்தில் அது சீக்கிரம் கெடும், இட்லியைவிடச் சட்னியில்தான் எச்சரிக்கை வேண்டும்.

இல்லை, எனக்கு நம் ஊர் இட்லிதான் வேண்டும் என்றால்?

தாராவிக்குப் போங்கள். சயான் ஸ்டேஷனில் இறங்கி 90 அடி சாலைக்கு வந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தெரியும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளாக வந்து குடியேறியவர்கள் இங்கே நிறைய. மும்பைத் தெருக்களில் காலை நேரம் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தோடு இட்லி விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் கிளம்புவது இந்தச் சந்துகளிலிருந்துதான். ஊர் தூங்கும்போதே எழுந்து, குடும்பமே படுத்துறங்கும் அந்த ஒற்றை அறையில் மாவு ஊற்றி, ஈடு ஈடாக அவித்து அடுக்கி அனுப்புகிறார்கள். மும்பையின் காலைப் பசியில் ஒரு பெரும் பங்கை ஆற்றுபவர்கள் இவர்கள். அவர்களுக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஏழு மணிக்கு முன்னால் போனால் நல்லது. “அண்ணே, இட்லி சூடா இருக்கா?” என்று தமிழிலேயே கேளுங்கள், பேச்சு தானாக வளரும். அசைவம் சாப்பிடுபவர்கள் சாயந்திரம் போனால் புரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும், மேலே சொன்ன மாட்டுங்கா கடைகளில் அதற்கு வழியில்லை. ஒன்று மட்டும்: கேட்காமல் சந்துக்குள் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு.

செம்பூரில் தங்கியிருப்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டுமா? தினமும் வேண்டாம். செடா நகர் முருகன் கோயில் பக்கமும் செம்பூர் ஸ்டேஷன் பக்கமும் நல்ல டிபன் கிடைக்கிறது. வாரத்தில் ஒருநாள் மாட்டுங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு திரும்பலாமா?

கூடாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ, முருங்கைக்காய், தொடுத்த மல்லிகை, வாழையிலை எல்லாம் கிடைக்கும். காப்பித்தூளை உங்கள் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகள் உண்டு. சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்லி வாங்கலாம். ஓட்டலில் காப்பி கேட்கும்போது “சக்கர் கம்” (சர்க்கரை கம்மி) என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பாயசமாக வரும்.

கஃபே மெட்ராஸுக்கும் ராம நாயக்குக்கும் திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை போங்கள்.