கூலியின்றி ஆடிய கழகம்

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1867ஆம் ஆண்டு தோன்றிய குயீன்ஸ் பார்க், அந்நாட்டு உதைபந்தாட்டக் கழகங்களுள் மூத்தது. ஆட்டத்தின் பொருட்டே ஆடுதல் என்னும் கருத்தமைந்த இலத்தீன் வாசகத்தை அது குறிக்கோளாகக் கொண்டது. அஃது ஏட்டளவில் நின்றதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கழகத்தில் ஆடியோர் வேதனம் பெற்றிலர்.

தொடக்கத்தில் இதனாற் குறையொன்றும் நேரவில்லை. 1872இல் இங்கிலாந்துடன் நிகழ்ந்த முதற் சர்வதேச ஆட்டத்தில் ஸ்கொட்லாந்தின் பதினொருவரும் இக்கழகத்தவரே. ஒருவரே பந்தை உருட்டிக்கொண்டு முன்னேறும் வழக்கம் மிகுந்த அந்நாளில், தோழருக்குப் பந்தை வழங்கி ஆடும் முறையை வளர்த்தவர்களும் இவர்களே. ஸ்கொட்டிஷ் கிண்ணத்தைப் பத்து முறை வென்றனர். பத்தாவது வெற்றி கிட்டிய 1893இலேயே வேதனம் பெற்று ஆடுதல் அந்நாட்டில் அநுமதிக்கப்பட்டது. அதன் பின் அக்கிண்ணம் அவர்கள் கைக்கு வரவேயில்லை.

எஞ்சியது பெரிய அரங்கு. 1903இல் திறக்கப்பெற்ற அவர்களது ஹம்டன் பார்க்கில், 1937இல் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் பொருதியதைக் காண 149,415 பேர் கூடினர். பிற்காலத்தில் அதே அரங்கில் அதன் உடைமையாளர் சில நூறு பேர் முன்னிலையில் கடைப் பிரிவு ஆட்டங்களை ஆடியமை விந்தையான காட்சியே.

இன்னொரு நட்டமும் இருந்தது. ஒப்பந்தமில்லாத இளைஞரைப் பிற கழகங்கள் ஈட்டுத்தொகை கொடாமலே அழைத்துச் செல்லலாம். 2013இல் இங்கிருந்து சென்ற அன்ட்ரூ ரொபர்ட்சன், 2019இல் லிவர்பூல் அணியினராய் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணம் வென்றார்.

அவ்வாண்டு நவம்பரில் அங்கத்தவர் வாக்களித்துப் பழைய விதியை நீக்கினர். ஹம்டன் அரங்கும் ஐம்பது இலட்சம் பவுணுக்கு ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கத்துக்குக் கைமாறியது. மூத்த அன்பர் சிலர் மனம் நொந்திருப்பர். எனினும், வறிய வீட்டுப் பிள்ளை கூலியின்றி எத்துணைக் காலம் ஆட இயலும்? ஓய்வும் வசதியும் உடையார்க்கே எளிதான அவ்விதியை விட்டது வீழ்ச்சியென எமக்குத் தோன்றவில்லை.

பலன் விரைவில் தெரிந்தது. 2021இல் நான்காம் பிரிவில் முதலிடம். 2022இல் இரண்டாம் பிரிவுக்கு உயர்வு. 2023இல் இறுதி நாள் ஆட்டத்தில் டண்டீயிடம் 3-5 எனத் தோற்று முதலிடத்தை இழந்தனர். 2025 பெப்ரவரியில், ஸ்கொட்டிஷ் கிண்ணப் போட்டியில், பெருங்கழகமாகிய ரேஞ்சர்ஸை அதன் சொந்த மைதானமாகிய ஐப்ரொக்ஸில் 1-0 என வென்றனர். ஆட்டம் முடியுந் தறுவாயில் ரேஞ்சர்ஸுக்குக் கிடைத்த தண்டனை உதையைக் கோல் காப்பாளர் கலம் ஃபெரி தடுத்தார். அடுத்த சுற்றில் அபர்டீன் அவர்களை வென்றது.